தாத்தாவின் வேட்டைப் பை
(பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சென்ற ஜனவரி மாதத்தில் எங்கள் சாரணியர் படை பழனி மலையின் கீழ்ப்பகுதியில் இரண்டு நாள் மலையேற்றப் பயணம் செல்லும் என்று சிஸ்டர் அறிவித்தபோது, நாங்கள் இருபத்திரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டார். ஆனால் வீட்டில் அனுமதி வாங்குவது அவ்வளவு எளிதாக இல்லை. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்ததை அப்பா மறக்கவில்லை. வனத்துறையின் அனுமதி உண்டு, வழிகாட்டியும் உடன் வருகிறார் என்று சிஸ்டர் எடுத்துக் கூறிய பிறகே அவர் கையெழுத்திட்டார்.

கையெழுத்துக் கிடைத்த அன்று மாலையே கடைத்தெருவுக்குச் சென்று ஒரு முதுகுப் பை வாங்கினேன். கத்தரிப்பூ நிறம், பதினோரு ஜிப், என் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை உயரம். பை பெரிதாக இருக்கிறதே என்று அம்மா கேட்டதற்கு, “பெரிதாக இருந்தால் நிறைய வைக்கலாம் அல்லவா?” என்று பதில் சொன்னேன். சொன்னபடியே நிறையவும் வைத்தேன். நான்கு சுடிதார், இரண்டு ஜோடிச் செருப்பு, ஷாம்பு, பவுடர், வாசனைத் தைலம், எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு, கண்ணாடிப் புட்டியில் எலுமிச்சை ஊறுகாய், கதைப் புத்தகங்கள் மூன்று, தலையணை ஒன்று. பதினோரு ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டு, பெருமையுடன் பையை முதுகில் ஏற்றினேன். அடுத்த கணம் கட்டிலின் மேல் மல்லாந்து விழுந்தேன்.

திண்ணையில் தாத்தாவும் சின்னத் தாத்தாவும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவுக்கு எண்பது வயது. அவருடைய தம்பியான சின்னத் தாத்தா அவரைவிட இரண்டு வயது இளையவர். சின்னத் தாத்தா வலது காலைச் சற்று இழுத்து இழுத்து நடப்பார். கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். பிறவியிலேயே அவருக்குக் கால் அப்படித்தான் என்று நான் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தாத்தா எழுந்து வந்து, காப்பிக் கொட்டை நிறுக்கும் பழைய கொக்கித் தராசில் என் பையை மாட்டித் தூக்கினார். முள் ஒன்பதரைக் கிலோவில் நின்றது.

“நீ எத்தனை கிலோ பாப்பா?”

“நாற்பத்திரண்டு தாத்தா.”

“அப்ப நாலு கிலோவுக்கு மேல நீ தூக்கக் கூடாது. பத்துல ஒண்ணு, அதுதான் கணக்கு. ரொம்ப தூரம், ரொம்ப நாள் போறவன் அஞ்சுல ஒண்ணு வரைக்கும் தூக்கலாம். அதுக்கு மேல போனா நீ பையைத் தூக்கலை. பை உன்னைத் தூக்கிட்டுப் போகுது.”

மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் இதே பத்தில் ஒரு பங்குக் கணக்கைத்தான் கூறுகிறது என்பதைப் பின்னர் எங்கள் ஆசிரியை மூலம் அறிந்தேன். தாத்தா அந்தக் கொள்கையைப் படித்தவர் அல்லர். அவர் காட்டில் படித்தவர்.

பின்பு அவர் ஏணி போட்டுப் பரண்மேல் ஏறி (எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை), தூசி படிந்த ஒரு பையை எடுத்து வந்து என் முன் வைத்தார். அதுதான் அவருடைய வேட்டைப் பை.

என் கொள்ளுத் தாத்தா தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்தைக் காப்பதற்காக லைசென்ஸ் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் லைசென்ஸும் அனுமதிச் சீட்டும் பெற்றவர்கள் காட்டுப்பன்றி, கடமான் முதலியவற்றை வேட்டையாடுவது வழக்கம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று அந்தக் காடுகளில் கடமானைச் சுடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழனி மலைக் காடுகளில் ஒரு பெரும் பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. துப்பாக்கியும் எப்போதோ அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. எஞ்சியது இந்தப் பை ஒன்றுதான்.

பட்டாளத்துப் பழைய கான்வாஸ் துணியை மதுரையில் வாங்கி வந்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்த பை அது. காக்கி நிறம் வெளுத்து மண் நிறமாகியிருந்தது. ஜிப் ஒன்றுகூட இல்லை. வாயைச் சுருக்க ஒரு கயிறு, மேலே ஒரு மடிப்பு, இரண்டு தோல் வார்கள், அவ்வளவுதான். அதன் பக்கத்தில் தொங்கியது இரும்பில் எனாமல் பூசிய பட்டாளத்துத் தண்ணீர்க் குப்பி. அதற்குக் கம்பளித் துணியில் சட்டை போட்டிருந்தது. துணியை நனைத்து விட்டால் ஈரம் காயக் காய உள்ளே தண்ணீர் குளிரும் என்றார் தாத்தா. மண்பானை குளிர்வதும் இப்படித்தான் என்று இயற்பியல் பாடத்தில் படித்தது என் நினைவுக்கு வந்தது.

“பை எப்படிப் பார்த்து வாங்கணும் தெரியுமா?” என்று தொடங்கினார். என்னைத் திருப்பி நிறுத்தி, கழுத்தடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை சாண் போட்டு அளந்தார். இரண்டு சாண் இருந்தது. “பையோட முதுகு இந்த ரெண்டு சாணுக்குள்ள அடங்கணும். ஆள் உயரத்தைப் பார்க்கக் கூடாது. முதுகு உயரத்தைத்தான் பார்க்கணும்.” என் புதிய பையிலே இடுப்பு வார் ஒன்று இருந்தது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். தாத்தா அதைத் தடவிப் பார்த்து, “இதுதான் எங்க பையில இல்லாத குறை” என்றார். சுமையைத் தோள் தாங்கக் கூடாதாம்; இடுப்புத்தான் தாங்க வேண்டுமாம். ஆனால் என் முதுகுக்கு அந்தப் பை நீளமாக இருந்ததால், இடுப்பு வார் இடுப்பில் நில்லாமல் தொடையில் போய் நின்றது. எனவே கத்தரிப்பூ நிறப் பை மறுநாளே கடைக்குத் திரும்பிச் சென்றது. தாத்தாவின் பை எனக்கு அளவாக இருந்தது.

வேட்டைக்காரனுடைய பைக்கு இன்னும் இரண்டு இலக்கணம் உண்டு என்றார். ஒன்று, சத்தம் போடக் கூடாது. நைலான் துணி புதரில் உரசினால் சரசரக்கும், கான்வாஸ் பேசாது. தகரமும் தகரமும் பக்கத்தில் இருந்தால் நடக்கும்போது கிணுகிணுக்கும். நடுவே துணி சுற்ற வேண்டும். மற்றொன்று, வாசனை கூடாது. வேட்டைக்குப் போகும் நாளில் அவர்கள் சோப்புப் போட்டுக் குளிக்க மாட்டார்களாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க ஒரு துணியில் சாம்பலை முடிந்துகொண்டு, அவ்வப்போது தட்டிப் பார்ப்பார்களாம். “இப்ப நீ சுடப் போகலை. ஆனாலும் யானையும் காட்டுமாடும் அங்கேயேதான் இருக்கு. அதுங்க வீட்டுக்குப் போறப்ப பவுடர் வாசனையோட போகாதே” என்று சொல்லி, என் வாசனைத் தைலத்தை எடுத்து அலமாரியில் வைத்தார்.

அதன் பிறகு பையை அடுக்கிக் காட்டினார். கனமில்லாத பொருள் அடியில்: ஒரு மாற்று உடை, ஒரு போர்வை, இரண்டு ஜோடிக் காலுறை. கனமான பொருள் நடுவில், முதுகை ஒட்டி: அரிசி, பருப்பு, வேட்டைக்காரருக்குத் தோட்டா. கனம் முதுகை விட்டு விலகினால் அது ஆளைப் பின்னால் இழுக்குமாம். நான் கட்டிலில் விழுந்ததற்குக் காரணம் புரிந்தது. அவசரத்துக்குத் தேவையானவை எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் அகப்படும்படி: டார்ச், தீப்பெட்டி, கயிறு, நாலு முழ வேட்டி ஒன்று.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சூட்சுமம் இருந்தது. இரண்டு கட்டை டார்ச்சில் ஒரு கட்டையைத் தலைகீழாகப் போட்டு வைப்பார்கள். பைக்குள்ளே பொத்தான் அழுந்தினாலும் விளக்கு எரிந்து தீராது. தீக்குச்சிகளின் தலையை உருக்கிய மெழுகில் தோய்த்து, மூடி இறுகிய டப்பாவில் போடுவார்கள். மழையில் நனைந்தாலும் பற்றும். புகையிலைத் தூளையும் உப்பையும் சிறு துணியில் முடிந்து நனைத்துக் காலில் தேய்த்தால் அட்டை ஏறாது. சாப்பாட்டுக்கு அவல், பொரிகடலை, கருப்பட்டி. சமைக்க முடியாத இடத்திலும் பசி தீரும். நாலு முழ வேட்டியோ சர்வரோக நிவாரணி. குளிருக்குப் போர்வை, அடிபட்டால் கட்டுத்துணி, கலங்கல் தண்ணீருக்கு வடிகட்டி, முறுக்கினால் கயிறு.

எல்லாம் வைத்த பிறகும் பையின் மேற்பகுதி தொளதொளவென்று கிடந்தது. மூன்றில் ஒரு பங்கு காலி. என் முறுக்கு டப்பாவை அங்கே வைக்கப் போனேன். தாத்தா என் கையைப் பிடித்தார்.

“அது காலியாத்தான் இருக்கணும்.”

“ஏன் தாத்தா?”

“அது இறைச்சிக்கான இடம். எங்கப்பா போட்ட சட்டம். போறப்ப மூணுல ஒரு பங்கு காலியாப் போகணும். எவ்வளவு பெரிய மிருகம் விழுந்தாலும் அந்த இடத்துக்கு மேல எடுக்கக் கூடாது. மத்த ரெண்டு பங்கும் நீ வீடு திரும்புறதுக்கான சாமான். அதுல கை வைக்கக் கூடாது.” சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் ஒரு தடவை கை வைச்சேன்” என்றார்.

அன்று தாத்தா கூறியதை அவர் கூறியபடியே எழுத முயல்கிறேன்.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. அண்ணனும் தம்பியும் வேட்டைக்குப் போனார்கள். கடமான் ஒன்று விழுந்தது. கிராமத்து ஆட்கள் வந்து பங்கு பிரித்தார்கள். வழக்கமாக எடுக்கும் ஐந்தாறு கிலோவோடு தாத்தா நிற்கவில்லை. பண்டிகை, வீடு நிறைய விருந்தாளிகள். பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் வேண்டும் என்று ஆசை. பையில் இடம் போதவில்லை. ஆகவே போர்வையையும் வேட்டியையும் மாற்று உடையையும் எடுத்து, வேறு வழியாகப் போகும் கிராமத்து ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். டார்ச்சையும் தீப்பெட்டியையும் அடியில் தள்ளி, அவற்றின் மேல் இறைச்சியை அமுக்கி நிரப்பினார். “வீடு ரெண்டு மணி நேரம்தானே, இருட்டுறதுக்குள்ள போயிடலாம்” என்று நினைத்தார்களாம்.

மழை வந்தது. ஓடை ஒன்றைக் கடக்கும்போது பாசி படிந்த பாறையில் தம்பி வழுக்கி விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் தாத்தாவுக்குக் கேட்டது. டார்ச் வேண்டும், அது இறைச்சியின் அடியில். இருட்டில் பையைக் கிளறி எடுத்தபோது தீப்பெட்டி டப்பாவின் மூடி நசுங்கித் திறந்து, குச்சியெல்லாம் இரத்தத்தில் நனைந்திருந்தது. காலைக் கட்ட வேட்டி இல்லை. நடுங்கும் தம்பியைப் போர்த்தப் போர்வை இல்லை. முதுகில் ஒன்றைத்தான் சுமக்கலாம்: பை, அல்லது தம்பி.

“உடனே பையைப் போட்டேன்னு சொல்லத்தான் ஆசை பாப்பா. ஆனா நான் நின்னேன். இவனை இங்கேயே பாறை ஓரமா உட்கார வச்சிட்டு, இறைச்சியைக் கொண்டு போய் வீட்டுல சேர்த்துட்டு, ஆள் கூட்டிட்டு வரலாமேன்னு நினைச்சேன். ரெண்டு வேலையும் முடியுமேன்னு புத்தி கணக்குப் போட்டுச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த நிமிஷத்தை இன்னைக்கு வரைக்கும் என்னால இறக்கி வைக்க முடியலை.”

பிறகு இறைச்சியைக் கொட்டினார். தன் சட்டையைக் கிழித்துத் தம்பியின் காலைக் கட்டினார். வெறும் பையை மார்பில் மாட்டி, தம்பியை முதுகில் ஏற்றி, கயிற்றால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தார். தோட்டத்து வீட்டை அடைந்தபோது கோழி கூவிவிட்டதாம். விடிந்த பின் ஆட்கள் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தபோது செந்நாய்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டுப் போயிருந்தன. சின்னத் தாத்தாவின் எலும்பு கூடியது. ஆனால் கால் ஓர் அங்குலம் குட்டையாகக் கூடியது. அதன் பின் தாத்தா துப்பாக்கியைத் தொடவில்லை. “1972-ல சட்டம் வந்தப்ப ஊர்ல பல பேர் வருத்தப்பட்டாங்க. எனக்கு விடுறதுக்கு ஒண்ணுமில்லை, நான் ஏற்கெனவே விட்டுட்டேன்” என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சின்னத் தாத்தாவின் காலைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. அப்போது அவர் பிரம்பைத் தரையில் தட்டினார்.

“அண்ணன் சொல்றது பாதிதான் பாப்பா. ‘இறைச்சியைப் போடாதே, என்னை விட்டுட்டுப் போயிட்டு அப்புறம் வா’ன்னு சொன்னதே நான்தான். பண்டிகைக் கறி போகுதேன்னு எனக்குத்தான் வயித்தெரிச்சல். அப்புறம் அந்த ஒரு நிமிஷம்ங்கிறாரே, நான் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பிச்சேன். ஒண்ணு சொல்லி முடிக்கலை, அதுக்குள்ள பை கீழே கிடந்துச்சு. இத்தனை வருஷமா அதை ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு நீட்டிக்கிட்டே இருக்காரு.”

தாத்தா தம் தம்பியைப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவர்கள் இருவரும் இதைப் பேசிக்கொண்டதே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. “நீ சொன்னது எனக்கு மழைச் சத்தத்துல கேட்கலைடா” என்றார் தாத்தா. வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நெடுநேரம் கழித்தே வெளியே வந்தார்.

தாத்தாவின் பையோடு நான் பயணம் சென்றேன். எடை நான்கு கிலோ. காட்டையும் சோலையையும் மேகம் இறங்கிய பள்ளத்தாக்கையும் பற்றி என் தோழியர் இந்த மலரிலேயே எழுதியிருப்பார்கள்; எனவே நான் ஒன்றை மட்டும் கூறுகிறேன்.

இரண்டாம் நாள் இறக்கத்தில், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. பையின் மேற்புறத்தில் இருந்த நாலு முழ வேட்டியை நான் எடுத்துக் கொடுத்தேன். சிஸ்டர் அதைக் கிழித்து இறுகக் கட்டினார். வழிகாட்டி ஒரு பக்கமும் சிஸ்டர் ஒரு பக்கமுமாக அவளைத் தாங்கிக்கொண்டார்கள். அவளுடைய பை தரையில் கிடந்தது. அது என் கத்தரிப்பூ நிறப் பையைப் போன்றே பெரிய பை.

“யாருடைய பையில் இடம் இருக்கிறது?” என்று சிஸ்டர் கேட்டார்.

என் பையில் இடம் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு இருந்தது. ஆனால் என் தோள்கள் வலித்தன. இன்னும் இரண்டு மணி நேர இறக்கம் இருந்தது. வேறு யாராவது சொல்லட்டுமே என்று ஷூ நாடாவைக் கட்டுவது போலக் குனிந்தேன். நாடா அவிழ்ந்தே இருக்கவில்லை. குனிந்த இடத்தில் தாத்தாவின் நினைவு வந்தது. நிமிர்ந்து, “என் பையில் இருக்கிறது சிஸ்டர்” என்றேன். நான் சொன்னதும் இன்னும் மூவர் சொன்னார்கள். அவர்களும் நாடாதான் கட்டிக்கொண்டிருந்தார்களோ என்னவோ! நால்வரும் பங்கிட்டுக்கொண்டதும், தூக்கவே முடியாது என்று தோன்றிய அந்தப் பை இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

வீடு திரும்பியதும் தாத்தாவிடம் இதைச் சொன்னேன், குனிந்ததையும் மறைக்கவில்லை. “எவ்வளவு நேரம் குனிஞ்சே?” என்று கேட்டார்.

“ஒரு அருள் நிறைந்த மரியே இருக்கும் தாத்தா.”

திண்ணையிலிருந்து சின்னத் தாத்தா உரக்கச் சிரித்தார். தாத்தாவும் சிரித்தார். பின்பு பையைக் கவிழ்த்துத் தட்டி, வாரில் எண்ணெய் தடவி, கொடியில் வெயில் படும்படி போட்டார். ஈரத்தோடு பரண்மேல் வைத்தால் கான்வாஸ் பூஞ்சை பிடித்துவிடுமாம்.

அடுத்த ஆண்டு மலையேறச் செல்லவிருக்கும் தங்கைகளே! அந்தப் பை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வேண்டுபவர்கள் வந்து கேளுங்கள்; தாத்தா மகிழ்ச்சியோடு தருவார். முதலில் உங்கள் முதுகைச் சாண் போட்டு அளப்பார், கூச்சப்பட வேண்டாம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டுச் செல்ல வேண்டும்.